கணப்பு அடுப்பு: பழைய வார்ப்பா, பட்டறைத் தகடா?

சேலம் அம்மாப்பேட்டை வெயிலில் அறுபது வருஷம் இருந்துவிட்டு ஏற்காட்டுக்கு வந்தவர் என் அம்மா. முதல் மார்கழியே அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கூடத்தில் ஒரு கணப்பு அடுப்பு வைக்கலாம் என்று தேடியபோது இரண்டு கைக்கு வந்தன. ஒன்று, நாகலூர்ப் பக்கம் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது விலைக்கு வந்த வார்ப்பிரும்பு அடுப்பு. கதவில் பூவேலை, வளைந்த கால்கள், பார்த்தவுடனே மனசு அதன் பக்கம் போய்விட்டது. இன்னொன்று சேலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் அளவு சொல்லிச் செய்வது. அது பீரோவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். கடைசியில் தம்பிதான் வீட்டுக்கு வந்தான்.

"வார்ப்புதான் சூட்டைப் பிடித்து வைக்கும், தகடு சட்டென்று ஆறிவிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூட்டைத்தான் வாங்கி வைக்கும். கனமான தோசைக்கல் மெதுவாக ஆறுவது அதன் எடையால். அதனால் பட்டறையில் 6 மில்லிமீட்டர் தகடு கேளுங்கள், உள்ளே சூட்டைத் தாங்கும் சூளைக்கல் பதிக்கச் சொல்லுங்கள். மெல்லிய தகடு இரண்டு குளிர்காலத்தில் வயிறு தள்ளிவிடும். வெள்ளைக்கல் (சூளைக்கல் செய்ய உதவும் மேக்னசைட்) வெட்டும் ஊர் என்பதால் சேலத்தில் சூளைக்கல்லுக்குப் பஞ்சமில்லை. இரும்பு உலைக்குப் போடும் விலை கூடிய கல் வேண்டாம், சாதாரணத் தீக்களிமண் கல் போதும்.

பழைய வார்ப்பை வாங்குவதானால் இரண்டு சோதனை. பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதுபோல ஸ்பேனரால் ஒவ்வொரு பலகையையும் தட்டுங்கள். கணீரென்று வராமல் சொத்தையாகச் சத்தம் வந்தால் விரிசல் இருக்கலாம். அப்புறம் இருட்டில், எரியும் டார்ச்சை உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். வார்ப்பு அடுப்பு பல துண்டுகளை போல்ட் போட்டுச் சேர்த்தது. இடையில் பூசிய சிமென்ட் வருஷக்கணக்கில் உதிர்ந்துபோகும். நான் பார்த்ததில் பின்பக்க மூலையெல்லாம் வெளிச்சம் கோடு போட்டது. அந்த இடுக்கு வழியே காற்று ஏறினால் தீயை அடக்கவே முடியாது. பிரித்துப் பூசலாம், முடியாத வேலை இல்லை. ஆனால் எனக்கு அது பெரிது என்பதுதான் முக்கியமான குறை.

அளவைத்தான் ரொம்பப் பேர் கோட்டை விடுகிறார்கள். எங்கள் கூடம் 12 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி. அதாவது 1,680 கன அடி, கிட்டத்தட்ட 48 கன மீட்டர். 14 கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படியானால் எனக்கு மூன்றரை போதும். நன்கு காய்ந்த விறகு மணிக்கு ஒன்றேகால் கிலோ போட்டால் அது கிடைத்துவிடும். பங்களா அடுப்போ பெரிய ஹாலுக்கானது. சின்ன அறையில் அதை முழு வீச்சில் எரித்தால் ஆள் வெந்துபோவார். காற்றைக் குறைத்து அடக்கி வைத்தால் விறகு புகைந்து, புகைபோக்கி முழுக்கத் தார் படியும். அந்தத் தார் ஒருநாள் தீப்பிடிக்கும்.

விறகு பச்சையாக இருந்தால் எந்த அடுப்பும் வேலைக்காகாது. காபிப் பழம் பறித்து முடிந்ததும் கவாத்து செய்கிற கட்டைகள் முதல்தரம். கனம், நின்று எரியும். சில்வர் ஓக் பற்ற வைக்க நல்லது, சீக்கிரம் தீர்ந்துவிடும். மழைக்கு முன்பே பிளந்து, மேலே கூரையும் பக்கத்தில் காற்றும் இருக்கிற இடத்தில் அடுக்குங்கள். இங்கே மூட்டம் வந்தால் துணியே காயாது, விறகு எப்படிக் காயும்? நான் ஒரு கட்டையில் சாக்பீஸால் குறி போட்டு வாரம் ஒருமுறை காய்கறித் தராசில் நிறுத்துப் பார்ப்பேன். எடை இறங்குவது நின்றால் சரி, எரிக்கலாம்.

புகைக்குழாய் விஷயத்தில் "துத்தநாகம் பூசின தகரப் பைப் போட்டா விலை பாதிதான்க்கா" என்றார் பட்டறைக்காரர். அதிகச் சூட்டில் துத்தநாகப் புகை வரும், வேண்டாம் என்று கறுப்பு இரும்புக் குழாயே வாங்கினேன். 6 அங்குலம், ஒரே ஒரு வளைவு. ஓட்டுக்கூரையின் மரச் சட்டத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் போகவேண்டும். 10 அடி தூரத்துக்குள் இருக்கிற எதையும்விட 2 அடி உயரமாக முடிய வேண்டும், தலையில் தொப்பி வேண்டும்.

பொருத்த வந்தவர் இணைப்புகளைத் தலைகீழாகப் போட்டுவிட்டார். மேல் குழாயின் ஒடுங்கிய முனை கீழ்க் குழாய்க்குள் இறங்க வேண்டும், அப்போதுதான் வழிகிற தார் உள்ளேயே போகும். எங்களுக்கு அது வெளியே சொட்டி, சிவப்புத் தரையில் காபிக் கறை மாதிரி மூன்று வட்டம். இன்னும் போகவில்லை.

மூடிய அறையில் கரிச்சட்டி வைத்துத் தூங்குவதை மட்டும் செய்யவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் மணமும் கிடையாது. கணப்பு அடுப்பானாலும் ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வையுங்கள், அந்த வாயு வந்தால் கத்தும் அலாரம் ஒன்றும் வாங்கி மாட்டுங்கள். முதல்முறை எரிக்கும்போது பெயின்ட் வாடை வீட்டையே தூக்கும். அன்று அம்மாவைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டேன்.

சாம்பலுக்குள் தணல் இரண்டு நாள்கூட உயிரோடு கிடக்கும். மூடி போட்ட தகர வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். எங்கள் வாளி மூன்றாம் நாள்தான் காலியாகும், அதற்குள் அம்மா பாத்திரம் விளக்க ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுவார்.