சிரட்டைக் கரியில் ஓடும் ஸ்டர்லிங் எஞ்சின்: ஒரு எல்.இ.டி எரியும் வரை

ராபர்ட் ஸ்டர்லிங் 1816இல் காப்புரிமை பெற்ற இந்த எஞ்சினில் நீராவி கிடையாது, வால்வும் கிடையாது. மூடிய டின்னுக்குள் காற்று அடியில் சூடாகி விரியும், மேலே குளிர்ந்து சுருங்கும். அதை மேலும் கீழும் விரட்டுவது டிஸ்பிளேசர் என்ற உள் உருளை. வேலை செய்வது ஒரு சவ்வு. இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தில் உருவான தெர்மோ-மெக்கானிக்கல் ஜெனரேட்டரிலும் பிஸ்டனுக்குப் பதில் உலோகச் சவ்வுதான். வீட்டில் அந்தத் துல்லியம் வராது. நமக்கு ரப்பர் போதும், அது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பயிர்தானே.

கிடைப்பது ஒரு வாட்டுக்கும் கீழே. போன் சார்ஜ் ஆகாது.

டின்னும் டிஸ்பிளேசரும்

73 மி.மீ. விட்டம், 110 மி.மீ. உயரமுள்ள இரும்புத் தகர டின் எடுங்கள். துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம், சூட்டில் அதன் புகை கெடுதல். டிஸ்பிளேசருக்கு 66 மி.மீ. குளிர்பான அலுமினிய கேன். இரண்டு கேன்களின் அடிப்பகுதியை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, மொத்தம் 80 மி.மீ. உயரத்துக்கு மூடிய உருளை ஆக்குங்கள். ஒட்டு மேல்பக்கம் வரட்டும். அடியில் வந்தால் ஒட்டும் எபாக்ஸி பசை சூட்டில் இளகிவிடும். உள்காற்று விரிந்து உப்பாமலிருக்க ஒரு ஊசித் துளை போதும்.

கணக்கு இதுதான்: 80 உருளை, 24 ஓட்டம், மேலும் கீழும் 3 இடைவெளி. ஆக 110. ஓடும்போது 'டக் டக்' என்று தட்டினால் இந்த 3 மி.மீ. எங்கோ காணாமல் போயிருக்கிறது.

தண்டு சைக்கிள் ஸ்போக், 2 மி.மீ. அது சறுக்கி இறங்கும் அளவுக்குப் பழைய ரேடியோ ஏரியலில் ஒரு துண்டு, 30 மி.மீ. நீளம். விட்டால் தன் எடையிலேயே இறங்க வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. பென்சில் கரித்தூள் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் தொடவே வேண்டாம்: சூட்டில் பிசுபிசுக்கும், ரப்பரில் பட்டால் ரப்பர் ஊதிப் போகும்.

மூடியை கேஸ்கெட் சிலிக்கோன் போட்டே ஒட்டுங்கள். எபாக்ஸி உறுதிதான், ஆனால் மூன்று முறையாவது திறக்க வேண்டி வரும்.

சவ்வு

முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழும் இடம் இது. மூடியில் தண்டுக்குப் பக்கத்தில் துளையிட்டு, அரை அங்குல பி.வி.சி. எல்போ இரண்டின் வழியே 50 மி.மீ. ரெடியூசரை (சிறிய குழாயைப் பெரியதோடு சேர்க்கும் இணைப்பு) வாய் மேலே பார்க்கப் பொருத்துங்கள். குழாய் குட்டையாகவே இருக்கட்டும். அதில் தேங்கும் காற்று சும்மா கிடக்கும். ரெடியூசர் வாயில் மெல்லிய லேடக்ஸ் கையுறையின் உள்ளங்கைப் பகுதி. பலூன் சீக்கிரம் கிழிந்துவிடும்.

ரப்பரை மேளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டாதீர்கள். அந்த இறுக்கமே எஞ்சினின் சக்தியைத் தின்றுவிடும். நடுவில் 30 மி.மீ. பிளாஸ்டிக் வட்டு ஒட்டி, அது 5 மி.மீ. ஏறவும் 5 மி.மீ. இறங்கவும் எதிர்ப்பே இல்லாதபடி தொளதொளவென்று விடுங்கள்.

கசிவு பார்க்க, வட்டை விரலால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். ஐந்து விநாடிக்காவது எதிர்ப்பு தெரிய வேண்டும். உடனே தளர்ந்தால் ஒட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி தேடுங்கள்.

கிராங்க்

தண்டும் வட்டும் ஏறி இறங்குவதைச் சக்கரத்தின் சுழற்சியாக்கும் வளைந்த அச்சு இது. இன்னொரு ஸ்போக்கை வளைத்துச் செய்யலாம். டிஸ்பிளேசருக்கு 12 மி.மீ. வளைவு, சவ்வுக்கு 5 மி.மீ. இரண்டுக்கும் 90 டிகிரி வித்தியாசம். சுற்றும் திசையில் டிஸ்பிளேசர் முன்னே போக வேண்டும். சவ்வு வளைவைப் பெரிதாக்கினால் சக்தி கூடும் என்று தோன்றும். கூடாது. காற்றை அமுக்கவே கிடைத்த சக்தி செலவாகி, சக்கரம் அரைச் சுற்று போய்த் திரும்பி வந்துவிடும். சக்கரத்துக்கு மூன்று பழைய சி.டி. ஒட்டினால் போதும்.

மின்சாரம்

சி.டி. விளிம்பில் 12 மி.மீ. நியோடிமியம் காந்தம் எட்டு, வடக்கு, தெற்கு என மாறி மாறி. ஃபேன் காயில் சுற்றும் 36 கேஜ் செப்புக் கம்பியை ரீவைண்டிங் கடைகளில் எடைக்குக் கேளுங்கள். 1500 சுற்றில் இரண்டு காயில், எதிரெதிரே, காந்தத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி, தொடராக. காயிலுக்குள் இரும்பு போல்ட் வைக்காதீர்கள்: காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும், இந்தச் சின்ன எஞ்சினால் விடுவிக்க முடியாது. சிவப்பு எல்.இ.டிக்கு ஏறக்குறைய 1.8 வோல்ட் போதும். வெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் எரியவில்லையா? ஒரு காயிலின் முனைகளை மாற்றிப் போடுங்கள், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருக்கும்.

ஓட்டுவது

டின்னின் மேல் 40 மி.மீ. சுற்றி ஒரு தண்ணீர்த் தொட்டி, அடியில் கனிந்த சிரட்டைக் கரி. திறந்த வெளியில் மட்டும். கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடு மூடிய அறையில் ஆளைக் கொல்லும். இரண்டு மூன்று நிமிடம் கழித்துச் சக்கரத்தை விரலால் சுண்டிவிடுங்கள்.

ஓடிவிட்டுச் சிறிது நேரத்தில் நின்றால் கரியை ஊதாதீர்கள், தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மாற்றுங்கள். கடல் தண்ணீர் வேண்டாம், தகரம் அரித்துவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கரியைச் சுற்றி செங்கல் மறைப்பு வையுங்கள். இல்லாவிட்டால் காற்றே துருத்தியாகி டின்னின் அடி சிவந்துவிடும், அலுமினிய டிஸ்பிளேசர் உள்ளே கோணிப் போகும்.