தாலுகா டிராப்டவுனுக்கு ஒரு லிஸ்ட் புரொவைடர் கிளாஸ் எழுதும் முறை

பத்தமடைக் கோரைப்பாய்களை வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் ஒரு வணிகருக்குச் சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும்) மென்பொருள் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். மாவட்டம், தாலுகா போன்ற டிராப்டவுன்களின் (சொடுக்கினால் விரியும் தேர்வுப் பட்டியல்களின்) மதிப்புகளைப் படிவத்திலேயே எழுதிவிடுவது எளிதுதான். ஆனால் அதே பட்டியல் தேடல் திரைக்கும், அறிக்கைக்கும், எக்செல் இறக்குமதிக்கும் தேவைப்படுவதால், நாளடைவில் அது இடத்துக்கு ஒரு விதமாக மாறிவிடும். பட்டியல் தருவதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒரு கிளாஸை (தனி நிரல் தொகுதியை) எழுதி, எல்லாத் திரைகளும் அதனிடமே கேட்கும்படி செய்ய வேண்டும்.

அந்த கிளாஸை மற்றத் திரைகள் அணுகும் இன்டர்ஃபேஸில் மூன்று மெத்தட்கள் (அழைக்கக்கூடிய செயல்கள்) போதும். ஒன்று தேர்வுக்குரிய மதிப்புகளைத் தரும். அடுத்தது ஒரு குறியீட்டுக்குரிய பெயரைச் சொல்லும். மூன்றாவது, வந்த குறியீடு செல்லுபடியாகுமா என்று சரிபார்க்கும். முதல் இரண்டையும் ஒன்றாக்கிவிடத் தோன்றும், ஆக்கக் கூடாது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது சங்கரன்கோவில், கடையநல்லூர், செங்கோட்டை முதலிய தாலுகாக்கள் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து சென்றன. இன்று புதிய வாடிக்கையாளரைப் பதியும்போது திருநெல்வேலியின் கீழ் சங்கரன்கோவில் வரக் கூடாது. ஆனால் 2018ஆம் ஆண்டுப் பில்லைத் திறந்தால் அன்றைய மாவட்டப் பெயரே தெரிய வேண்டும். ஆகவே தாலுகாவையும் மாவட்டத்தையும் இணைக்கும் அட்டவணை வரிசையில் தொடக்க நாள், முடிவு நாள் என இரு புலங்களை வைத்து, பிரிவினை வரும்போது பழைய வரிசையை அழிக்காமல் முடிவு நாளிட்டு, புதிய வரிசை ஒன்றைச் சேர்க்க வேண்டும். முதல் மெத்தட் மாவட்டக் குறியீட்டையும் தேதியையும் பெற்றுக்கொள்ளட்டும். மாவட்டம் தரப்படாவிட்டால், எல்லாத் தாலுகாக்களையும் கொட்டாமல் வெற்றுப் பட்டியலைத் தரட்டும்.

வாடிக்கையாளர் பதிவில் பெயரைச் சேமிக்காமல் குறியீட்டையே சேமியுங்கள். சங்கரன்கோவில் என்றும் சங்கரன்கோயில் என்றும் எழுதுகிறவர்கள் இருப்பதால், எக்செல் இறக்குமதிக்கு மாற்றுப் பெயர்களின் அட்டவணை ஒன்றும் தேவைப்படும். பின்கோடிலிருந்து மாவட்டத்தைக் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி இங்கே செல்லாது. திருநெல்வேலி மாவட்டத்துப் பாளையங்கோட்டையின் 627002, தென்காசியின் 627811 இரண்டுமே 627 என்றுதான் தொடங்குகின்றன.

அகரவரிசையிலும் கவனம் வேண்டும். யூனிகோட் எண் வரிசையில் ‘ந’வை அடுத்து ‘ன’வும், ‘ர’வை அடுத்து ‘ற’வும் வருவதால், வெறும் சார்ட் (வரிசைப்படுத்தும்) கட்டளை தமிழ் நெடுங்கணக்கைப் பின்பற்றாது. பிஎச்பியில் எழுதுவோர் இன்ட்ல் நீட்சியில் உள்ள, மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் கொலேட்டரைப் பயன்படுத்தலாம். ஒருமுறை எடுத்த பட்டியலை மறுபயன்பாட்டுக்குச் சேமித்துவைக்கும் கேஷ் வைப்பதானால், அதைத் தேடி எடுக்கும் சாவியில் மாவட்டக் குறியீடு, தேதி, மொழி ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். மொழி விடுபட்டால், தமிழ்த் திரையைத் திறந்தவருக்கு ஆங்கிலப் பட்டியல் வந்து நிற்கும்.

மாவட்டத்தை மாற்றியவர் தாலுகாவை மாற்ற மறப்பது வழக்கம் என்பதால், மூன்றாவது மெத்தடை, பதிவைச் சேமிக்கும் வேளையில் சர்வரிலும் இயக்க வேண்டும். டெஸ்ட் எழுதும்போது சங்கரன்கோவிலையே எடுத்து, 2019 நவம்பர் 21, 22 ஆகிய இரு தேதிகளையும் கொடுத்துப் பாருங்கள். முதல் தேதிக்குத் திருநெல்வேலியின் கீழும், அடுத்ததற்குத் தென்காசியின் கீழும் அது வந்தாக வேண்டும்.