இந்த வருடத்தில் பிடித்த பாட்டுகள்: பட்டியல் போட்டு காருக்கு பென்டிரைவில் ஏற்றுவது எப்படி?

டிசம்பர் பிறந்ததும் ஸ்பாட்டிஃபை பாட்டுச் செயலி, ‘இந்த ஆண்டு நீங்கள் அதிகம் கேட்டவை’ என்று ஒரு பட்டியலை நீட்டிவிடும். எங்கள் வீட்டில் அதை நம்ப முடியாது. ஒரே கணக்கில்தான் அம்மா விடியற்காலையில் முருகன் பாட்டு போடுவார். அக்கா பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கார்ட்டூன் பாட்டு ஓடும். எனக்கு உயிரான பாட்டு எங்கேயோ அடியில் கிடக்கும். அதனால் என் பட்டியலை நானே போட்டு, வருடக் கடைசியில் பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் போகும்போது காரில் கேட்க ஒரு பென்டிரைவில் ஏற்றி வைக்கிறேன். செய்யும் விதம் இதுதான்.

படி 1: சேர்த்து வையுங்கள்

ஜனவரியிலேயே ‘இந்த வருடம்’ என்று ஒரு பிளேலிஸ்ட் திறந்துகொள்ளுங்கள். பிடித்த புதுப் பாட்டு எதுவானாலும் யோசிக்காமல் உள்ளே போடுங்கள், கழிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேட்ட கணக்கும் வேண்டும் என்றால், எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டோம் என்று பதிந்து வைக்கும் லாஸ்ட் எஃப்எம் தளத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினாலே ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. லாஸ்ட் எஃப்எம்மில் பாதிப் பாட்டாவது, அல்லது 4 நிமிடமாவது ஓட வேண்டும். டிசம்பர் 31 வரை கணக்கு நிற்காது என்பது இன்னொரு வசதி. ஸ்பாட்டிஃபையின் வருடாந்திரப் பட்டியல் சில வாரங்கள் முன்பே கதவை மூடிவிடுகிறது.

நம் மலேசியப் பாடகர்களின் பாட்டுகளைத் தனியாகத் தேடிச் சேருங்கள். அவற்றுக்குப் பின்னால் பெரிய படம் கிடையாது, டிரெய்லர் கிடையாது. ராகா, மின்னல் என்ற நம் தமிழ் வானொலிகளில் ஒருமுறை ஒலித்துவிட்டுப் போய்விடும். கார் ஓட்டும்போது கேட்டால் பக்கத்தில் இருப்பவரை உடனே, ஒலிக்கும் பாட்டின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஷசாம் செயலியைப் போடச் சொல்லுங்கள். என் பட்டியலில் கால்வாசி இடம் எப்போதும் இவர்களுக்குத்தான்.

படி 2: எந்த வருடத்துப் பாட்டு?

பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது. எனக்கும் அதிக நேரம் பிடித்தது இங்கேதான்.

‘விடாமுயற்சி’ படம் 2025 பிப்ரவரியில் வந்தது. ‘சவதீகா’ பாட்டோ 2024 டிசம்பர் கடைசியிலேயே வந்துவிட்டது. அப்படியானால் அது எந்த வருடப் பட்டியலில் சேரும்? பாட்டு முதன்முதலில் வெளியான தேதியைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். படம் எப்போது வந்தது என்று பார்ப்பதில்லை. டிசம்பர் 15-க்குப் பிறகு வந்த பாட்டை மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுவேன். பழகவே நேரம் கொடுக்காமல் ஒரு பாட்டை மதிப்பிடுவது நியாயமில்லை.

செயலி காட்டும் ஆண்டை அப்படியே நம்பவும் வேண்டாம். பழைய பாட்டுகளைத் தொகுத்து புது ஆல்பமாக ஏற்றினால், ஏற்றிய ஆண்டைத்தான் அது காட்டும். சந்தேகம் வந்தால் இசை நிறுவனத்தின் யூடியூப் சேனலில் முதல் பதிவின் தேதியைப் பாருங்கள்.

மறுஆக்கத்தை எப்படி எடுத்துக்கொள்வது? 1980-இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா இசையமைத்த ‘மடை திறந்து’ பாட்டை, நம் யோகி பி – நட்சத்திரா குழு 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பத்தில் ராப் பாட்டாகக் கொண்டுவந்தது. புது வரி, புதுத் தாளம். அந்த அளவுக்கு வேலை செய்திருந்தால் புதுப் பாட்டுதான். எதிரொலியும் கொஞ்சம் மெதுவான வேகமும் சேர்த்துவிட்டு ‘லோஃபை’ என்று போடுவதை நான் சேர்ப்பதில்லை.

படி 3: கழியுங்கள்

25 பாட்டு போதும். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், 80-இல் போனால் ஏறக்குறைய 10 நிமிடம். வேலை முடிந்து பாலம் ஏறும்போது, சந்தேகமான இரண்டு பாட்டுகளை வரிசையாகப் போடுவேன். சரணம் வருவதற்குள் கை அடுத்த பாட்டுக்குப் போனால் அதை எடுத்துவிடுவேன். பல்லவி மட்டும் நன்றாக இருக்கும் பாட்டுகள் எல்லாம் இப்படித்தான் கழியும்.

படி 4: பென்டிரைவ்

செயலியில் ‘டவுன்லோட்’ செய்த பாட்டைப் பென்டிரைவில் போட முடியாது, அது பூட்டிய கோப்பு. பாட்டை விலைக்கு வாங்குங்கள். ஐடியூன்ஸில் வாங்கினால் எம்4ஏ கோப்பாக வரும். பூட்டு இருக்காது. பழைய கார் பிளேயர் பலவற்றுக்கு எம்பி3 மட்டும்தான் புரியும், அதனால் ஃபூபார்2000 என்ற கணினி மென்பொருளில் மாற்றிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாற்றித் தரும் தளங்களைத் தொடாதீர்கள், ஒலித்தரம் கெட்டுவிடும்.

32 ஜிபி பென்டிரைவே வாங்குங்கள். கார் பிளேயருக்குப் பென்டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மேட்டில் இருக்க வேண்டும். அதைவிடப் பெரியது வாங்கினால் விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டியில் அந்தத் தேர்வே வராது.

அடுத்து, ஒலி அளவு. செயலி எல்லாப் பாட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒலிக்கும், பென்டிரைவ் அப்படிச் செய்யாது. மெல்லிய மெலடி முடிந்து உள்ளூர் ராப் பாட்டு தொடங்கியதும் பின் இருக்கையில் தூங்குகிறவர் துள்ளி எழுந்துவிடுவார். எம்பி3கெயின் என்ற சின்ன மென்பொருள் போதும். ‘டிராக் கெயின்’ தேர்ந்தெடுத்து, 89 டெசிபெலை அப்படியே விட்டுவிட்டு அழுத்துங்கள். பாட்டை மறுபடி சுருக்காமல் அளவை மட்டும் மாற்றுவதால் தரம் குறையாது.

கோப்புப் பெயரை 01, 02 என்று தொடங்குங்கள். மீதிப் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் பல பிளேயர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

பின்சேர்க்கை: “எண் போட்டும் வரிசை மாறி ஓடுகிறது” என்று சிலர் கேட்டிருந்தார்கள். சில கார் பிளேயர்கள் பெயரைப் பார்ப்பதில்லை, எந்தப் பாட்டு முதலில் பதிந்ததோ அதைத்தான் முதலில் எடுக்கும். டிரைவ்சார்ட் மென்பொருளில் பென்டிரைவைத் திறந்து பெயர்வரிசைப்படி அடுக்கிச் சேமித்தால் சரியாகிவிடும். லினக்ஸ்காரர்களுக்கு ஃபேட்சார்ட் இருக்கிறது. புதுப் பாட்டு சேர்க்கும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.