நடைப்பாதைக் குறிப்பு எழுதுபவர்களுக்கு

மலைப்பாதையைப் பற்றி எழுதும்போது 'இடப்பக்கம் திரும்புங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். எதிர்த்திசையில் வருபவருக்கு அது வலப்பக்கம். மாணவர்களுக்கு எதிரே நின்று கைகாட்டிப் பழகிய ஆசிரியர்களுக்கு இது சட்டென்று புரியும்! 'ஓடையின் வடகரையில் கிழக்கே பிரியும் பாதை' என்றால் குழப்பமே இல்லை.

நேரத்தையும் உங்கள் வேகத்தை வைத்துச் சொல்லவேண்டாம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: ஏறத்தாழ 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஓய்வு இதில் சேராது. சிறுவர்கள் உடன் வந்தால் தாராளமாகவே கூட்டிக்கொள்ளுங்கள்.

குறிப்பெடுக்கப் பென்சில்தான் நல்லது, மழையில் மை கரைந்துவிடும். பாதை பிரியும் இடத்திலேயே நின்று எழுதிவிடுங்கள். வீடு திரும்பியபின் எல்லா வளைவும் ஒன்றுபோலத்தான் தோன்றும்.