அமெரிக்காவில் சளி மாத்திரை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மருந்துக் கடைகளில் மூக்கடைப்புக்கு நன்றாகக் கேட்கும் மாத்திரை அலமாரியில் இருக்காது. பார்மசி கவுண்ட்டருக்குப் பின்னால் பூட்டி வைத்திருப்பார்கள். அதன் பெயர் சூடோஎஃபெட்ரின். அதிலிருந்து மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளைக் காய்ச்சி எடுக்க முடியும் என்பதால், 2006 மார்ச்சில் கையெழுத்தான சட்டம் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. டாக்டர் சீட்டு தேவையில்லை. ஆனால் போட்டோ உள்ள அடையாள அட்டையைக் காட்டி, பெயரும் முகவரியும் பதிந்து, கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தக் கெடுபிடிக்குத் தயங்கி, அலமாரியில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு போவதுதான் முதல் தவறு. இருப்பதிலேயே பெரிய தவறும் அதுதான். சூடாஃபெட் என்ற பிராண்டில் இருப்பது சூடோஎஃபெட்ரின். அலமாரியில் இருக்கும் சூடாஃபெட் பிஇ-யில் இருப்பது ஃபினைலெஃப்ரின் என்ற வேறு மருந்து. பெட்டிகள் பார்க்க ஒன்று போலவே இருக்கும், மருந்து வேறு. ஃபினைலெஃப்ரினை விழுங்கினால் அதில் பெரும்பகுதியைக் குடலே சிதைத்துவிடுகிறது. ரத்தத்துக்குப் போய்ச் சேருவது சொற்பம். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழுவில் இருந்த 16 பேரும், வாய்வழி ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பைக் குறைக்கவில்லை என்று ஒருமனதாக வாக்களித்தார்கள். 2024 நவம்பரில், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்ற மூக்கடைப்பு மருந்துகளின் பட்டியலிலிருந்து அதை நீக்க எஃப்.டி.ஏ. முன்மொழிந்தது. முன்மொழிந்த உடனே விற்பனை நின்றுவிடவில்லை. அதனால் பெட்டியின் முகப்பை நம்பாமல், பின்பக்கம் மருந்தின் பெயரைப் படியுங்கள். கவுண்ட்டரில் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட எதுவுமே இல்லை. சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் வழியே அதுதான்.

அடுத்தது, கணக்கைப் பெட்டி எண்ணிக்கையில் போடுவது. சட்டம் பார்ப்பது கிராமை. ஒரு நாளில் 3.6 கிராம், 30 நாளில் 9 கிராம். தபாலில் வாங்கினால் 30 நாளில் 7.5 கிராம். இந்த 30 நாள் ஒன்றாம் தேதி தொடங்குவதில்லை. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அலர்ஜிக்கு, சூடோஎஃபெட்ரின் கலந்த கிளாரிட்டின்-டி 12 மணி நேர மாத்திரையை ஒருவர் தினம் இரண்டு வேளை போட்டால், மாதம் 60 மாத்திரை. மருந்தோடு சேர்ந்திருக்கும் சல்ஃபேட் உப்பின் எடையைக் கழித்துவிட்டால் சுமார் 5.5 கிராம் சூடோஎஃபெட்ரின். ஒருவருக்குச் சிக்கல் இல்லை. ஆனால் கணவர், மனைவி இருவருக்குமே அலர்ஜி, வாங்குவது ஒருவர் பெயரில் என்றால் 11 கிராம் ஆகிவிடும். அவரவர் அடையாள அட்டையில் அவரவர் வாங்குவதே சரி.

இதெல்லாம் நாடு முழுமைக்குமான வரம்பு. சில மாநிலங்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்கின்றன. டென்னசி 30 நாளுக்கு 5.76 கிராம்தான் என்று வைத்தது. ஆரெகனிலும் மிசிசிப்பியிலும் 2021 முடியும்வரை டாக்டர் சீட்டே வேண்டியிருந்தது. 2009இல் இந்தியானாவில் ஒரு பாட்டி, வீட்டில் உள்ளவர்களுக்காக ஒரு வாரத்துக்குள் இரண்டு பெட்டி வாங்கினார். அந்த மாநிலத்தின் அப்போதைய வார வரம்பு 3 கிராம். அதைத் தாண்டிவிட்டதாகக் கைது செய்யப்பட்டார். சளி மாத்திரைக்காக ஒரு குடும்பம் இப்படி அலைக்கழிவது அநியாயம் என்றே நினைக்கிறேன். இருந்தாலும், மாநிலம் மாறி வீடு போனால் அங்கே வரம்பு என்ன என்று பார்மசிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு கடையில் மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். பல மாநிலங்களில் கடைகள் எல்லாம் ஒரே கணினிப் பதிவில் இணைந்திருக்கின்றன, அங்கேயும் தடுக்கும். அதைவிட மோசம், வேறு பெயரோ பொய் முகவரியோ எழுதுவது. பதிவில் பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை, 250,000 டாலர் வரை அபராதம். அப்புறம், கடை இரவு திறந்திருந்தாலும் பார்மசி கவுண்ட்டர் முன்னதாகவே மூடிவிடலாம். சாயங்காலமே போய்விடுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். சூடோஎஃபெட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், இதயத் துடிப்பைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களுக்குச் சிறுநீர் கழிப்பதைச் சிரமமாக்கும். அவர்கள் போடும் மாத்திரைகளின் பெயரை எழுதிக்கொண்டு போய் பார்மசிஸ்டிடம் காட்டாமல் வாங்கவே வாங்காதீர்கள். அட்வில் கோல்ட் அண்ட் சைனஸில் சூடோஎஃபெட்ரினோடு இபுப்ரோஃபென் என்ற வலி மருந்தும் சேர்ந்தே இருக்கிறது; அட்வில் என்பதும் அதே இபுப்ரோஃபென்தான். அதோடு தலைவலிக்கென்று தனியாக அட்வில் போட்டால் ஒரே மருந்து இரண்டு முறை உள்ளே போகும்.

மிச்சமிருக்கும் மாத்திரையைப் பயணப் பையில் போடுவதும் ஆபத்து. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டு போகக் கூடாது. மெக்சிகோவிலும் அதற்குத் தடை உண்டு. அந்தப் பயணங்களுக்கு உப்புநீர் ஸ்ப்ரே ஒன்றை எடுத்துப்போங்கள்.