மண்ணில் பயிரைத் தாக்கும் நூற்புழு எது? ஊசியைப் பார்த்த பிறகே பெயர் சொல்லுங்கள்

நுண்ணோக்கியில் நெளியும் நூற்புழு எல்லாம் பயிருக்குப் பகையல்ல. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று வாழ்பவையும் அதே மண்ணில் ஏராளம். மொத்த எண்ணிக்கையை வைத்து மருந்து போட்டால் பணமும் போகும், நல்ல புழுக்களும் போகும்.

முற்றிலும் காய்ந்த செடியின் அடியில் மண் எடுக்காதீர்கள். உயிருள்ள வேர் இல்லாத இடத்தில் புழுவும் குறைந்துவிடும். வாடத் தொடங்கிய செடிகளின் அருகே, மேல்மண்ணை ஒதுக்கி, 15–20 செ.மீ. ஆழம் வரை 15 முதல் 20 இடங்களில் ஈர மண்ணைச் சல்லிவேர்களோடு எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைப் பையில் கட்டுங்கள். பையை வெயிலில் வைக்கவே கூடாது. சூட்டில் செத்த புழு, பின்னர் புழுவைப் பிரிக்கப் பயன்படுத்தும் புனலில் இறங்காது. பாதித்த மண்ணையே சுத்தமான மண் என்று நம்பிவிடுவோம்.

200 மி.லி. மண்ணை வாளி நீரில் கரைத்துக் கலக்கி, மணல் அடங்கச் சில விநாடி விட்டு, 20, 60, 350 மெஷ் (அங்குலத்துக்கு இத்தனை கண்) சல்லடைகளில் வரிசையாக ஊற்றுங்கள். 60 மெஷ்ஷில் முட்டைக்கூடுகள், அதாவது முட்டை நிறைந்து கெட்டியான பெண்புழு உடல்கள், தங்கும்: எலுமிச்சை வடிவம் என்றால் ஹெட்டரோடெரா பேரினம், உருண்டை என்றால் குளோபோடெரா பேரினம். 350 மெஷ்ஷில் தங்கியதை டிஷ்யூ தாள் விரித்த வலைத்தட்டில் ஊற்றி, தாளின் அடி நீரைத் தொடும்படி புனலில் வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் புழுக்கள் அடியில் சேரும். மந்தமாக நகரும் வளைய நூற்புழுக்கள் இப்படி இறங்கி வராது. அவற்றுக்குச் சர்க்கரைக் கரைசலில் மையவிலக்கிப் பிரிப்பதே வழி.

இனி ஊசி, அதாவது குத்தி உறிஞ்சப் புழுவின் வாயில் இருக்கும் கூரான உறுப்பு. மெல்லச் சூடாக்கி அசைவை நிறுத்திய புழுவை 400 மடங்கில் பாருங்கள். வாய் வெறும் குழாயாக இருந்தால் பாக்டீரியா தின்னி. அடியில் மூன்று குமிழ் உள்ள ஊசி என்றால் பெரும்பாலும் பயிர்ப்பகை. பூஞ்சை உண்பவை சிலவற்றுக்கும் மெல்லிய ஊசி உண்டு என்பதால் அத்தோடு நிறுத்த வேண்டாம். குமிழ் இல்லாத ஊசியோடு வரும் டோரிலைம் என்ற நூற்புழுக் கூட்டத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அவற்றில் பல தீங்கற்றவை. ஆனால் மிக நீண்ட ஊசியுள்ள ஜிஃபினிமா, லாஞ்சிடோரஸ் இரண்டும் வேரைக் குத்துபவை, வைரஸையும் பரப்பக்கூடியவை. ட்ரைகோடோரஸுக்கு ஊசி வளைந்திருக்கும்.

அடுத்து உடல். செத்ததும் சுருளாகக் கிடப்பது பெரும்பாலும் ஹெலிகோடைலென்கஸ். தட்டையான தலை, குட்டையான தடித்த ஊசி, பெண்புழுவின் உடலின் பின்பகுதியில் பிறப்புத்துளை, ஒரே சூலகம் இருந்தால் ப்ராட்டிலென்கஸ். ஏறக்குறைய அதே தோற்றத்தில் துளை நடுவிலும் சூலகம் இரண்டாகவும் இருந்தால் ராடோபோலஸ். இந்த இரண்டையும் தலையை மட்டும் பார்த்துப் பிரிக்க முயன்றால் தவறுவீர்கள்.

வேர்முடிச்சு நூற்புழு மண்ணில் இளம்புழுவாகவே கிடைக்கும்: அரை மில்லிமீட்டருக்குள் நீளம், மெல்லிய ஊசி, கூம்பிய வால்நுனியில் கண்ணாடி போன்ற பகுதி. முட்டைக்கூட்டுப் புழுவின் இளம்பருவத்துக்கு ஊசி தடித்து நீண்டிருக்கும். வேர்முடிச்சுப் புழுவின் சிற்றினத்தை அறிய மண் போதாது. முடிச்சைப் பிளந்து, முத்துப்போன்ற பெண்புழுவை எடுத்து, 45% லாக்டிக் அமிலத்தில் அதன் பின்முனையை வெட்டிக் கோடுகளைப் பார்க்க வேண்டும். மேல்வளைவு உயர்ந்து சதுரமாக இருந்தால் இன்காக்னிடா, பக்கக்கோடுகள் தெளிவாகப் பிரித்தால் ஜவானிகா. ஒரே புழுவில் முடிவெடுக்காமல் குறைந்தது பத்துப் புழுக்களைப் பாருங்கள். ஒரே வேரில் இரண்டும் கலந்திருப்பது உண்டு.