பின் ஆக்சிலில் கைவைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஜீப், பொலேரோ, குவாலிஸ் என்று எதையாவது வாங்கிவிட்டு, அதன் அடியில் தாங்களே படுத்து வேலை பார்க்க ஆசைப்படும் இளைஞர்கள் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிரௌன் ஆயில் (பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் கியர்களுக்கான ஆயில்) மாற்றுகிறேன் என்று ஆரம்பித்து, பாதியில் என் பட்டறைக்குக் கட்டி இழுத்துவரும் வண்டிகளைப் பார்த்தால், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் மேஸ்திரியிடம் திட்டு வாங்கிய அதே தவறுகள் வரிசை மாறாமல் இருக்கின்றன. எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், கொஞ்ச தூரம் ஓட்டி ஆயில் சூடான பிறகு இறக்குங்கள் என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. இவை தெரியாதவர்கள் ஸ்பேனரைத் தொடவே கூடாது.

ஃபில்லர் பிளக்

மேலே இருக்கும், ஆயில் ஊற்றும் துளையின் பிளக் கழன்ற பிறகுதான் கீழே இருக்கும், ஆயிலை இறக்கும் ட்ரெயின் பிளக்கில் ஸ்பேனர் வைக்க வேண்டும். காரணம் கேட்பவர்கள் ஒருமுறை தலைகீழாகச் செய்து, ஆயிலை இறக்கிய பிறகு மேல் பிளக் கழலாமல் நிற்பதைப் பார்க்கலாம்.

கியர் ஆயில்தானே என்று எதையும் ஊற்றுவது

கடையில் போய் "தொண்ணூறு ஆயில்" என்று கேட்டு வாங்கி வருகிறார்கள். தொண்ணூறு என்பது ஆயிலின் கனத்தை மட்டும்தான் சொல்லும். 80டபிள்யூ-90 என்று ஒரே எண் போட்ட இரண்டு டின்களில் ஒன்று ஜிஎல்-4 ஆகவும் மற்றொன்று ஜிஎல்-5 ஆகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியது இந்தச் சின்ன எழுத்தைத்தான்.

பெரும்பாலான பின் ஆக்சில்களில் இருப்பது ஹைபாய்டு வகை கியர். ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் சின்ன கியரான பினியன், அது சுழற்றும் பெரிய கியரான கிரௌன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி அமர்ந்திருக்கும். அதனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல், பெரும் அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டும் போகும். அந்த இடத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் தாங்காது. ஜிஎல்-5 ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகமாகக் கலந்திருக்கும். சூடேறும்போது அவை இரும்பின் மேற்பரப்போடு வினைபுரிந்து ஒரு காப்புப் படலம் போடும். பற்களைக் காப்பாற்றுவது அந்தப் படலம்தான். மிச்சம் இருக்கிறதே என்று கியர்பாக்சுக்கு வாங்கிய ஜிஎல்-4 ஆயிலை ஹௌசிங்கில் (ஆக்சில் கியர்களை மூடியிருக்கும் கூட்டில்) ஊற்றினால் பல் தேயும். அதே கந்தகம் பித்தளைக்கு ஆகாது என்பதால், ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்சில் ஜிஎல்-5 ஊற்றி உள்ளிருக்கும் பித்தளை சிங்க்ரோ ரிங்கைக் கெடுப்பவர்களும் உண்டு.

கிரௌன் ஊளையிடுகிறது என்று 140 கன ஆயிலை ஊற்றுவது இன்னொரு வேடிக்கை. சத்தம் குறையும், தேய்மானம் அப்படியே நடக்கும். பழைய வண்டி விற்கிறவர்கள் மரத்தூள் கலந்து ஊற்றிய ஹௌசிங்கையும் திறந்து பார்த்திருக்கிறேன். வாங்கிய வண்டியில் ஆயில் கூழாக வந்தால் முதலில் விற்றவரைத்தான் கேட்க வேண்டும்.

ரேஷியோ தெரியாமல் ஆக்சில் வாங்குவது

இதைப்பற்றித்தான் முக்கியமாகப் பேச வேண்டும். சக்கரம் ஒரு சுற்று போக ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறது என்ற கணக்குதான் ரேஷியோ. மற்ற தவறுகள் ஒரு ஆயில் சீலையோ ஒரு பேரிங்கையோ தின்னும். இது வண்டியையே தின்னும்.

ஒரு தம்பி பழைய ஃபோர் வீல் ஜீப் (லீவர் போட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) வைத்திருந்தார். பின் கிரௌன் சத்தம் போட்டது. பழைய பாகங்கள் விற்கும் இடத்தில் ஒரு முழு ஆக்சிலை வாங்கினார். "எல்லா ஜீப்புக்கும் ஒரே ஆக்சில்தான் தம்பி" என்று விற்றவர் சொன்னாராம். போல்ட்டுக்கு போல்ட் பொருந்தியது. புது ஆயில் ஊற்றி ஓட்டினார். சத்தம் போயே போய்விட்டது. அதோடு, வண்டி முன்பைவிட வேகமாகப் போகிறது, இன்ஜின் இரைச்சல் குறைந்திருக்கிறது என்று ஒரே பெருமை. ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது பக்கத்தில் வந்த நண்பரின் பைக் 44 காட்டியதாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த ஒரு தகவலே போதும், வண்டியை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இந்த ஜீப்பில் ஸ்பீடோமீட்டர் கேபிள், முன் பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேசிலிருந்து வருகிறது. அது காட்டுவது ஷாஃப்ட்டின் வேகத்தை. மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகிறது என்றால் ரேஷியோ மாறிவிட்டது என்றுதான் பொருள்.

போர்க்காலத்து வில்லிஸ் எம்பி ஜீப்பில் ஆக்சில் ரேஷியோ 4.88. கிரௌன் வீலில் 39 பற்கள், பினியனில் 8. 1945-இல் வந்த சிவிலியன் சிஜே-2ஏ வண்டியிலும், பிறகு நம் சாலைகளில் நிறைந்திருந்த சிஜே-3பி வண்டியிலும் 5.38, அதாவது 43-க்கு 8. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஜீப் ஆக்சில்தான். தம்பியின் முன் ஆக்சில் 43-க்கு 8. அவர் வாங்கி மாட்டிய பின் ஆக்சில் 39-க்கு 8.

ஃபோர் வீலில் போட்டவுடன் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும். 43 சுற்றுக்கு முன் சக்கரம் 8 சுற்று போகிறது. பின் சக்கரமோ ஏறக்குறைய 8.8 சுற்று போகப் பார்க்கிறது. முன்பக்கம் 100 மீட்டர் போக நினைக்கும்போது பின்பக்கம் 110 மீட்டர் போக நினைக்கிறது. சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார்ச் சாலையில் வழுக்க இடமில்லை. ஷாஃப்ட், கியர், பேரிங் எல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். மழை தூறியதும் பாதுகாப்பு என்று நினைத்து ஃபோர் வீலில் போட்டிருக்கிறார். இரண்டாவது வளைவிலேயே ஸ்டியரிங் இறுகியிருக்கிறது. முன் டயர் ரோட்டில் கிறீச்சிட்டிருக்கிறது. லீவரை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. அந்த நிலையிலாவது நேராகப் பின்னால் மெதுவாக நகர்த்தியிருந்தால் முறுக்கு தளர்ந்து லீவர் கழன்றிருக்கும். காலால் உதைத்திருக்கிறார். ட்ரான்ஸ்ஃபர் கேசைப் பிரித்தபோது கியரில் மூன்று பற்கள் இல்லை. அவை உடைந்து கீழே ஆயிலில் கிடந்தன. ஆக்சிலில் மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை.

ரேஷியோவைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைத்தான் ஒருவரும் செலவிடுவதில்லை.

ஆயில் மாற்றக் கவரைத் திறந்திருக்கிறீர்கள் என்றால் கண்ணெதிரே கிரௌன் வீல் இருக்கிறது. ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, ஷாஃப்ட்டைத் திருப்பித் திருப்பி எண்ணுங்கள். எண்ணக்கூடத் தேவையில்லாமல் போகலாம்: பல கிரௌன் வீல்களின் விளிம்பில் பற்களின் எண்ணிக்கையே பொறித்திருக்கும். 43, 8 என்று தெரிந்தால் வகுத்துக்கொள்ளுங்கள், 5.375. பெரும்பாலும் இவை பொது வகுத்தி இல்லாத எண்களாகவே இருக்கும். ஒரே இரண்டு பற்கள் மீண்டும் மீண்டும் மோதாமல் எல்லாப் பற்களும் எல்லாவற்றோடும் சேர்ந்து சமமாகத் தேய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

கவரைத் திறக்காமல் பார்ப்பதில்தான் பிசகுகிறார்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, அதை ஒரு சுற்று சுற்றி, ஷாஃப்ட் இரண்டரைச் சுற்று போனது, ரேஷியோ 2.5 என்று எழுதிவைத்திருந்தார் ஒருவர். ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது, தூக்கிய சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கிரௌன் வீல் அரைச் சுற்றுதான் போகும். ஆகவே சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால்தான் ஷாஃப்ட்டின் சுற்று ரேஷியோவைக் காட்டும். இரண்டு சுற்றோடு நிறுத்தினால் 4.1-க்கும் 4.3-க்கும் இடையில் கண் ஏமாறும். இருபது சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் 41 சுற்றா 43 சுற்றா என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அதே கணக்கில் 39-க்கு 8 என்றால் 48¾ சுற்று, 43-க்கு 8 என்றால் 53¾ சுற்று.

கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. ட்ரான்ஸ்ஃபர் கேசின் பின்னால் ஷாஃப்ட்டையே பிடிக்கிறது. அதை விடுவித்தால்தான் ஷாஃப்ட் சுற்றும். விடுவித்தபின் வண்டியை நிறுத்தி வைக்க எதுவும் இல்லை என்பதால், தரையில் இருக்கும் மூன்று சக்கரங்களுக்கும் இருபுறமும் கட்டை வைத்தாக வேண்டும். லிமிடெட் ஸ்லிப் ஆக்சிலாக (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழலாமல் தடுக்கும் வகை) இருந்தால் ஒரு சக்கரத்தைத் தூக்கினால் அது சுற்ற மறுக்கும். இரண்டையும் தூக்குங்கள், அப்போது ஒரு சுற்றுக்கே முழு ரேஷியோ. மஹிந்திராவின் சில வண்டிகளில் வரும் ஈட்டன் மெக்கானிக்கல் லாக், கையால் மெதுவாகச் சுற்றும்போது சாதாரண ஆக்சில் போலத்தான் நடந்துகொள்ளும். இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றுகிறது, ஆகவே லாக் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

முன் ஆக்சிலையும் இதேபோல எண்ணுங்கள். ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் பூட்டு) இருந்தால் லாக் செய்துவிட்டு எண்ணுங்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போன பிறகு பர்சைத் திறக்கலாம்.

தகட்டை அப்படியே நம்புவது

டொயோட்டா வண்டிகளின் அடையாளத் தகட்டில் கியர்பாக்ஸ் குறியீட்டோடு ஆக்சில் குறியீடும் இருக்கும். ஃபோர்டு பிக்கப்களில் டிஃபரன்ஷியல் (கிரௌன் இருக்கும் பகுதி) கவர் போல்ட்டில் ஒரு சின்னத் தகரம் தொங்கும். அதில் 3-க்கும் 73-க்கும் நடுவில் எல் என்ற எழுத்து இருந்தால் 3.73 ரேஷியோ, லிமிடெட் ஸ்லிப் என்று பொருள். எல்லாம் சரி. ஆனால் அந்தத் தகடு சொல்வது வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் கதையை. நான்கு கை மாறிய வண்டியில் இப்போது அடியில் தொங்குவது எது என்பதைப் பற்கள்தான் சொல்லும்.

கிரௌன் மட்டும் மாற்றினால் போதுமா

போதாது. கிரௌனும் பினியனும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும்.

காந்தத்தைத் துடைத்துவிட்டுப் போவது

ட்ரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் ஒட்டியிருப்பதைத் துணியில் துடைக்கும் முன் இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மை போல வழவழப்பாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். சொரசொரப்பாகப் பொடி நெருடினால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். நகத்துணுக்கு அளவு சில்லு கிடைத்தால் புது ஆயிலை ஊற்றாதீர்கள்; கவரைக் கழற்றுங்கள். ஆயில் பால் கலந்ததுபோல வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இன்ஜின் ஆயிலை அவசரமாக மாற்றிவிட்டு இந்த ஹௌசிங்கை மறந்தவர்கள் பலர்.

பிரீதரை மறந்து சீலைத் திட்டுவது

ஆக்சில் குழாயின் மேலே ஒரு சின்ன மூடி இருக்கும். ஓடும்போது உள்ளே சூடாகி விரியும் காற்று வெளியேறும் வழி அது. சேறு அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஆயிலை ஆக்சில் சீல் வழியாகத் தள்ளும். ஆயில் நேரே பிரேக் டிரம்முக்குள் போகும். சீல் மட்டம், கம்பெனி மட்டம் என்று திட்டிக்கொண்டே சீலை மாற்றுகிறார்கள், மறுபடியும் கசிகிறது. அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் இதே கதிதான். வேறு அளவு சொல்லாத வண்டிகளில், ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு ஆயில் வழியத் தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும்.

பிரீதரைக் கழற்றி, ஹௌசிங் பக்கத்திலிருந்து ஊதிப் பாருங்கள். காற்று போகவில்லை என்றால் டீசலில் ஊறவைத்துக் கழுவுங்கள். அப்படியும் திறக்காவிட்டால் புதிது போடுங்கள், விலை அதிகமில்லை. பிரேக் லைனிங்கில் ஆயில் ஏறியிருந்தால் அதைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்ட வேண்டாம். புது லைனிங் போடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து.